64 காணுமோ, 128 எடுக்கவோ? மலிவுக் கைப்பேசிகளும் சேமிப்பகத்தின் விலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாண நகரில் ஸ்ரான்லி வீதிப் பக்கமாக, கைப்பேசி விற்கும், திருத்தும் கடையொன்றில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். "தம்பி, 64 காணுமோ, 128 எடுக்கவோ?" என்ற கேள்வி வராத நாள் இல்லை. படங்களும் செயலிகளும் இருக்கும் போனின் சேமிப்பகம் 64 ஜிபி (கிகாபைட்) போதுமா, 128 ஜிபி எடுக்கவேண்டுமா என்பதே கேள்வி. கடை மேசைக்குப் பின்னால் நின்றபடி அதற்கு ஒரு நிமிடத்தில் சொல்லும் பதில் எப்போதும் அரைகுறையாகவே முடிகிறது, ஏனெனில் கண்ணாடி ஒட்டுவதற்கு அடுத்தவர் காத்துக்கொண்டு நிற்பார். ஆறுதலாகச் சொல்லவேண்டியவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: இலட்சக்கணக்கில் விலைபோகும் போனைச் செய்யும் நிறுவனம், முப்பதாயிரம் நாற்பதாயிரம் ரூபாப் போனையும் ஏன் செய்கிறது?

முதற் காரணம் தொழிற்சாலைக் கணக்கு. சிப் எனப்படும் சில்லை வடிவமைக்கவும், இயந்திரங்களை நிறுவவும், மென்பொருள் எழுதுபவர்களுக்குச் சம்பளம் கொடுக்கவும் ஆகும் செலவு, பத்து இலட்சம் போன் விற்றாலும் பத்துக் கோடி விற்றாலும் பெரிதாக மாறுவதில்லை. அந்தச் செலவு எத்தனை கூடுதலான போன்களின் தலையில் பகிரப்படுகிறதோ, அத்தனைக்கு ஒவ்வொன்றின் மீதும் விழும் பாரம் குறையும். திரையையும் பற்றரியையும் கமராவையும் வெளியாரிடம் வாங்கும் நிறுவனம், பெருந்தொகைக்குக் கட்டளை கொடுக்கும்போதுதான் விலை பேச முடியும். மலிவுப் போன் அந்தத் தொகையைக் கூட்டிக் கொடுக்கிறது.

இரண்டாவது, பழைய பாகங்களின் மறுபயன்பாடு. 2016 மார்ச்சில் அப்பிள் 399 டொலருக்கு விட்ட முதலாவது ஐபோன் எஸ்இ, 2013 இல் வந்த 5எஸ் இன் உடலுக்குள் 6எஸ் இன் ஏ9 சில்லை வைத்துச் செய்யப்பட்டது. உடலுக்கான அச்சுகளுக்குப் போட்ட முதல் அதற்குள் திரும்பி வந்திருக்கும். அன்ட்ரொயிட் பக்கத்திலும் இதே கதைதான். மீடியாடெக் 2020 இல் வெளியிட்ட ஹீலியோ ஜி85 என்ற சில், 2023 இல் வந்த ரெட்மி 13சி இலும் சாம்சுங் கலக்ஸி ஏ05 இலும் இருந்தது. நேற்றைய குழம்பைச் சுண்டவைத்து இன்று பரிமாறுவதைப் போன்றது இது. சுண்டின குழம்பு சில வேளை புதுக் குழம்பைவிட நன்றாக இருக்கும் என்பதும் எங்கள் வீடுகளில் தெரிந்ததே.

மூன்றாவது, இடம் பிடித்தல். உயர்தரப் பரீட்சை முடித்த பிள்ளைக்கு முதற் போன் வாங்க வரும் தகப்பன், கையிலிருக்கும் காசுக்கு ஒரு நிறுவனத்தின் போன் கிடைக்காவிட்டால் வெறுங்கையோடு திரும்பமாட்டார், பக்கத்துப் பெட்டியை எடுப்பார். அந்தப் பிள்ளை பழகும் மெனு, சேர்த்துவைக்கும் படம், திறக்கும் கணக்கு எல்லாம் அடுத்த போனையும் அதே நிறுவனத்திடம் வாங்கத் தூண்டும் என்பது விற்பவர்களின் எதிர்பார்ப்பு. இந்த எதிர்பார்ப்பு எப்போதும் பலிப்பதில்லை. 2003 இல் வந்த நோக்கியா 1100 உலகம் முழுவதும் 25 கோடிக்கு மேல் விற்றது. அதை வைத்திருந்தவர்களில் எத்தனையோ பேர் ரச் போன் வந்ததும் நோக்கியாவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கேள்வி: அப்படியானால் மலிவுப் போனில் இலாபமே இல்லையா?

உண்டு, ஆனால் பெட்டியை விற்கும் நேரத்தில் கிடைப்பது சிறியது. வன்பொருளில் தமது நிகர இலாபம் 5 சதவீதத்தை ஒருபோதும் தாண்டாது என்று சியோமியின் தலைவர் லெய் ஜுன் 2018 ஏப்ரலில் பகிரங்கமாக உறுதி கூறினார். கேட்பதற்குத் தருமம் போல இருந்தாலும், அதே நிறுவனத்தின் போன்களில் அமைப்புச் செயலிகளுக்குள்ளேயே விளம்பரம் வந்ததை இங்கு பாவித்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். முன்கூட்டியே பதியப்பட்டு வரும் செயலிகள், தேடுபொறி உடன்பாடுகள், செயலிக் கடையின் தரகு எல்லாம் போன் கைமாறிய பின்னரும் காசு கொண்டுவருபவை. ஐபோனின் உலாவியில் தன் தேடுபொறி முதலில் நிற்பதற்காகக் கூகுள் 2022 இல் மட்டும் அப்பிளுக்கு 2,000 கோடி டொலர் கொடுத்தது அமெரிக்க நீதிமன்ற ஆவணங்களில் வெளிவந்தது. உங்கள் கையிலிருக்கும் திரை எவ்வளவு பெறுமதியான முற்றம் என்பதை அந்தத் தொகையிலிருந்து ஊகிக்கலாம்.

கேள்வி: மலிவுப் போனில் வேண்டுமென்றே குறை வைக்கிறார்களா?

சிலவற்றில், ஆம். எல்லாக் குறையும் அப்படியல்ல. மட்டமான கமரா உணரியும் பிளாஸ்ரிக் உடலும் உண்மையிலேயே செலவு குறைந்தவை. ஆனால் 2024 இல் 799 டொலருக்கு வந்த ஐபோன் 16 இன் திரை நொடிக்கு 60 தடவை மட்டுமே புதுப்பிக்கப்பட்டது. அதில் ஒரு சிறு பங்கு விலைக்கு எங்கள் கடையில் விற்ற அன்ட்ரொயிட் போன்களில் அது 90 தடவையாக இருந்தது. அப்பிளுக்கு அந்தத் திரை கட்டுப்படியாகாது என்று யாரும் நம்பமாட்டார்கள். மேல்நிலைப் போனை வாங்கக்கூடியவர் கீழ்நிலைப் போனோடு திருப்திப்பட்டுவிடக் கூடாது என்பதே அங்கு வேலை செய்த கணக்கு.

இது புதிய தந்திரமல்ல. பிரான்ஸில் மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டிகளுக்குக் கூரை போடாமல் விட்டதை, ஜூல் தூப்புய் என்ற பொறியியலாளர் 1849 இலேயே விளக்கி எழுதினார். கூரைக்குக் காசில்லாமலோ ஏழைகளை வருத்தவோ அல்ல, இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்கக்கூடியவர் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடாமல் தடுக்கவே கூரை போடப்படவில்லை என்பது அவருடைய விளக்கம். யாழ்தேவியில் எந்த வகுப்பில் இருந்தாலும் ஒரே எஞ்சின்தான் எல்லாரையும் இழுக்கிறது, எல்லாரும் ஒரே நேரத்தில்தான் யாழ்ப்பாணத்தில் இறங்குகிறார்கள். போனிலும் வகுப்புப் பிரிப்பதற்கு ஏதாவது ஒன்று வேண்டும். திரையும் கமராவும் அதற்கு உதவுகின்றன. எல்லாவற்றிலும் வசதியானது சேமிப்பகம்.

கேள்வி: 64 க்கும் 128 க்கும் இடையிலுள்ள விலை வித்தியாசம், உள்ளே வைக்கும் சில்லின் விலை வித்தியாசந்தானா?

இல்லை. திருத்தும் மேசையில் ஒரே மாதிரியான இரண்டு போன்களின் பலகைகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இது விளங்கும். அண்மையில் அப்படி இரண்டு என்னிடம் வந்தன. ஒன்று நீர் புகுந்த 64 ஜிபி போனுடையது, மற்றது திரை உடைந்த 128 ஜிபி போனுடையது. உருப்பெருக்கியின் கீழே இரண்டிலும் சேமிப்புச் சில் ஒரே அளவான கறுத்தச் செவ்வகம்: பதினொன்றரை மில்லிமீற்றர் அகலம், பதின்மூன்று மில்லிமீற்றர் நீளம், அடியில் 153 ஈயக் குண்டுமணிகள். மேலே பொறித்திருக்கும் இலக்கம் மட்டுமே வேறு. பலகையும், ஒட்டும் வேலையும், சோதனையும், பெட்டியும், கப்பற் கூலியும் இரண்டுக்கும் ஒன்றே. கறுத்த உறைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மெல்லிய சிலிக்கன் தகடுகளின் எண்ணிக்கையோ அடர்த்தியோதான் கூடியிருக்கும். அந்தக் கூடுதலின் மொத்தவிலை, நினைவகச் சந்தை சாதாரணமாக இருக்கும் காலங்களில், ஒரு ஜிபிக்கு அமெரிக்கச் சதக் கணக்கில்தான் வரும்.

இனி விற்பனை விலையைப் பாருங்கள். 2024 இல் அமெரிக்காவில் கலக்ஸி எஸ்24 ஐ 128 இலிருந்து 256 ஜிபிக்கு உயர்த்த 60 டொலர் கேட்டார்கள். அதே ஆண்டில் ஐபோன் 16 இல் அதே 128 ஜிபி கூடுதலுக்கு 100 டொலர் கேட்டார்கள். உள்ளே போகும் பொருளின் விலைதான் காரணமென்றால், ஒரே அளவு பொருளுக்கு இரண்டு நிறுவனங்களிடையே 40 டொலர் இடைவெளி வருவதற்கு நியாயமில்லை.

இதைவிடச் சுவையான சான்று அப்பிளின் சொந்த வரலாற்றில் கிடக்கிறது. 2007 இல் வந்த முதல் ஐபோனில் 4 ஜிபி 499 டொலர், 8 ஜிபி 599 டொலர்; அன்று நூறு டொலருக்குக் கிடைத்த கூடுதல் இடம் 4 ஜிபி. 2014 இல் ஐபோன் 6 இல் 16 இலிருந்து 64 க்கு ஏற அதே நூறு டொலர். கிடைத்தது 48 ஜிபி. 2024 இல் அதே நூறு டொலருக்கு 128 ஜிபி. பதினேழு ஆண்டுகளில் சேமிப்புச் சில்லின் விலை எங்கோ விழுந்துவிட்டது, ஒரு சேமிப்பளவிலிருந்து அடுத்ததற்கு ஏறும் படியின் விலை அசையவில்லை. முடிவில் 2025 இல் ஐபோன் 17 ஐ அதே 799 டொலருக்கு 256 ஜிபியோடு தொடங்கினார்கள். முந்திய வருடம் நூறு டொலருக்கு விற்ற இடம், அடுத்த வருடம் சும்மா வந்தது.

கேள்வி: அப்படியென்றால் அந்தப் படியை எப்படித் தீர்மானிக்கிறார்கள்?

வாங்குபவரின் மனதைப் பார்த்துத்தான். ஐபோன் 6 இல் 16, 64, 128 என்று வைத்தார்கள், நடுவில் 32 இல்லை. 32 இருந்திருந்தால் பெரும்பாலானோர் அதோடு நின்றிருப்பார்கள். 16 ஜிபி போன் விளம்பரப் பலகையில் ஆரம்ப விலையைக் குறைத்துக் காட்டுவதற்கு இருந்தது. நாலு காணொளி எடுத்ததும் நிரம்பிவிடும் அந்தப் போனைப் பார்த்துப் பயந்து மேலே ஏறுபவரிடமிருந்தே இலாபம் வந்தது. 16 ஜிபியை அடிப்படையாக வைத்திருக்கும் வழக்கம் 2016 இல் ஐபோன் 7 வரும்வரை நீடித்தது. 2023 இல் வந்த ஐபோன் 15 புரோ மக்ஸில் இதன் மறுபக்கம்: 128 ஜிபி மாதிரியையே நிறுத்திவிட்டு 256 இலிருந்து, 1,199 டொலரில் தொடங்கினார்கள். கீழ்ப்படியை வெட்டினால் எல்லாரும் தாமாகவே மேற்படியில் நிற்பார்கள்.

நிறுவனத்தின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். மூன்று சேமிப்பளவு, நான்கு நிறம் என்றால் பன்னிரண்டு வகைப் பெட்டிகள். எந்த நாட்டில் எது ஓடும் என்று முன்கூட்டியே கணித்துச் செய்யவேண்டும், கணிப்புப் பிழைத்தால் தேங்கும். அந்தத் தேக்கத்தின் செலவும் படியின் விலைக்குள் ஒளிந்திருக்கிறது. 64 ஜிபியில் நீல நிறம் கேட்டு வருபவருக்கு, "கறுப்பு மட்டுந்தான் இருக்கு, அக்கா" என்று நாங்கள் சொல்வதற்குக் காரணமும் இறக்குமதியாளர் எல்லாவற்றையும் கொண்டுவராததே. அத்துடன் மலிவு அன்ட்ரொயிட் போன்களில் சேமிப்பகம் தனியே கூடுவதில்லை. 4 ஜிபி ரேமுக்கு (செயலிகள் ஓடும்போது பாவிக்கும் தற்காலிக நினைவகம்) 64, 6 ஜிபி ரேமுக்கு 128 என்று சோடியாக வரும்போது, கூடுதல் விலையில் ஒரு பகுதி ரேமுக்குப் போகிறது.

கேள்வி: இலங்கையில் இந்த இடைவெளி ஏன் இன்னும் பெரிதாகத் தெரிகிறது?

படி டொலரில் வெட்டப்படுகிறது, நாங்கள் ரூபாவில் ஏறுகிறோம். 2022 மார்ச் வரை டொலர் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்தது. அப்போது நூறு டொலர்ப் படி 20,000 ரூபா. இரண்டு மாதங்களில் டொலர் 360 ரூபாவளவுக்குப் போனபோது அதே படி 36,000 ரூபா ஆயிற்று. சில்லில் ஒரு துணுக்கும் கூடவில்லை. பின்னர் 2024 ஜனவரி 1 இலிருந்து பெறுமதி சேர் வரி 18 சதவீதமானது, அதுவரை விலக்களிக்கப்பட்டிருந்த கைப்பேசிகளும் அதற்குள் வந்தன. வரி சதவீதக் கணக்கு என்பதால் போனின் மீது மட்டுமன்றிப் படியின் மீதும் வரி விழுகிறது: 30,000 ரூபா இடைவெளிக்கு 5,400 ரூபா வரி. எங்களிடம் மலிவுப் போன் மலிவாகத் தெரியாததற்குக் கடைக்காரனின் பேராசைதான் காரணம் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். (கடைக்காரனின் பங்கு அறவே இல்லை என்று நான் சொல்லவில்லை.)

கேள்வி: மெமரி கார்ட் போடும் இடத்தை ஏன் எடுத்துவிட்டார்கள்?

கார்ட் இருந்தால் படி விற்காது. நீர் புகாமை, உடலின் மெலிவு, கார்டின் வேகக் குறைவு ஆகிய காரணங்களை நிறுவனங்கள் கூறுகின்றன. வேகக் குறைவு உண்மை. ஆனால் சாம்சுங் 2015 இல் எஸ்6 இலிருந்து அந்த இடத்தை எடுத்து, 2016 இல் எஸ்7 இல் நீர் புகாத உடலோடு திரும்பக் கொடுத்து, 2021 இல் எஸ்21 இலிருந்து மறுபடியும் எடுத்தது. நீர் புகாமை காரணமல்ல என்பதற்கு எஸ்7 சாட்சி. இப்போது நடுத்தரப் போன்களிலும் இது தொடங்கிவிட்டது. 2025 இல் வந்த ஏ36, ஏ56 இரண்டிலும் கார்ட் போட முடியாது.

கார்ட் வாங்கும்போது ஒரு கவனம். பெட்டியில் 512 ஜிபி என்று எழுதி, உள்ளே அதில் எட்டிலொன்றுகூட இல்லாத கார்ட்கள் சந்தையில் உண்டு. நானே ஒருமுறை ஏமாந்து, மகளின் நாட்டிய அரங்கேற்றப் படங்களில் பாதியை இழந்தேன். நம்பமுடியாத விலைக்குக் கிடைக்கும் கார்டை, முழுக்க நிரப்பிப் பார்க்காமல் நம்பவேண்டாம்.

கேள்வி: மலிவுப் போனின் 128 உம் விலை கூடிய போனின் 128 உம் ஒன்றா?

கொள்ளளவு ஒன்று, வேகம் வேறு. மலிவுப் போன்களில் பெரும்பாலும் இஎம்எம்சி என்ற பழைய வகைச் சேமிப்பகம் இருக்கிறது. அதில் ஒரு நேரத்தில் வாசிக்கவோ எழுதவோ மட்டுமே முடியும். ஒற்றை வழிப் பாலம் போல ஒருபக்க வாகனங்கள் போகும்வரை மறுபக்கம் காத்திருக்கவேண்டும். விலை கூடிய போன்களிலுள்ள யூஎப்எஸ் என்ற புதிய வகையில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். செயலி திறக்கச் சுணங்குவதும், பின்னணியில் ஏதாவது இறங்கும்போது போன் இறுகி நிற்பதும் பெரும்பாலும் இதனால்தான். இரு வகைச் சேமிப்பகத்திலும் எழுதிய இடத்தை அழிக்காமல் அதன்மேல் மீண்டும் எழுத முடியாது, அழிப்பதும் பெரிய தொகுதிகளாகவே நடக்கும். ஆகவே வெற்றிடம் குறையக் குறைய, ஒரு சிறு கோப்பை எழுதுவதற்கே உள்ளே நிறையச் சாமான்களைத் தூக்கி மாற்றவேண்டி வரும். "போன் ஸ்லோவாகிவிட்டது" என்று கொண்டுவருபவர்களிடம் நான் முதலில் பார்ப்பது மிச்ச இடத்தையே.

கேள்வி: பெட்டியில் 8 ஜிபி ரேம் என்று ஒட்டியிருக்கிறது. விலையோ குறைவு. எப்படி?

ஒட்டியிருக்கும் தாளின் மூலையில் சிறிய எழுத்தில் 4+4 என்று இருக்கும். உண்மையான ரேம் 4 ஜிபி, மற்ற 4 உங்கள் சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்கியது. ஏற்கெனவே வேகம் குறைந்த சேமிப்பகத்தில் அந்தக் கடனால் பெரிய நன்மை வராது, 64 ஜிபியில் 4 குறைவதுதான் மிச்சம்.

கேள்வி: 128 ஜிபி வாங்கினேன். கணினியில் 119 என்று காட்டுகிறதே?

ஏமாற்று இல்லை. நிறுவனம் ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று எண்ணுகிறது, கணினி 1,024 இன் பெருக்கத்தில் எண்ணுகிறது. 128 இப்படி 119 ஆகும், 64 இப்படி 59 சொச்சமாகும். அதற்குள் இயங்குதளமும் நிறுவனச் செயலிகளும் பத்து ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்கின்றன. 64 ஜிபி போனில் இந்தப் பங்கு மிகவும் உறைக்கும்.

கேள்வி: கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ உறவினர் கொண்டுவரும் போன் இலாபமா?

படியின் விலை அங்கு வரியோடும் சற்றுக் குறைவாக இருக்கலாம். கனடாவில் 2017 டிசம்பரிலிருந்தும் பிரித்தானியாவில் 2021 டிசம்பரிலிருந்தும், ஒரே தொலைபேசி நிறுவனத்தின் சிம்மை மட்டும் ஏற்கும்படி பூட்டிய போன்களை விற்கமுடியாது என்பதால், அதற்குப் பின்னர் அங்கு கடையில் வாங்கியவற்றில் அந்தப் பூட்டு இருக்காது. அமெரிக்காவிலிருந்து வரும் ஐபோன் 14 உம் அதற்குப் பின்னையவையும் சிம் போடும் தட்டே இல்லாதவை. இங்கு வெளிநாட்டுப் போன் விற்கும் கடையில் வாங்குவதானால், IMEI என்று எழுதி, இடைவெளி விட்டு, போனின் ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்) சேர்த்து 1909 க்கு குறுஞ்செய்தியாக அனுப்பி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் இருக்கிறதா என்று பார்த்தபின் காசு கொடுக்கவும்.

கேள்வி: மலிவுப் போன்களின் விலை ஏன் திடீரென்று ஏறுகிறது?

2025 இன் பிற்பகுதியிலிருந்து செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால், ரேமும் சேமிப்பகமும் விலையேறின. இலட்சரூபாப் போனின் செலவில் நினைவகம் சிறு பங்கு, மலிவுப் போனில் பெரும் பங்கு. ஆகவே அடி முதலில் கீழேதான் விழுகிறது.

கேள்வி: சரி, கடைசியாகச் சொல்லுங்கள். 64 காணுமோ?

போனை எத்தனை வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முன்பு மலிவுப் போனுக்கு இரண்டு வருடத்தில் மென்பொருள் உயிர் போய்விடும், அப்போது 64 போதுமானதாக இருந்தது. இப்போது கலக்ஸி ஏ16 போன்ற கீழ்நிலைப் போனுக்கே ஆறு வருடப் பாதுகாப்பு மேம்படுத்தல் அறிவித்திருக்கிறார்கள். ஆறு வருடம் வைத்திருக்க நினைப்பவர் படியின் விலையை ஆறால் வகுத்துப் பார்க்கட்டும். நான் 128 ஐயே சொல்வேன். 256 க்கு ஏறுவது காணொளி எடுத்துத் தொழில் செய்பவருக்குச் சரி, மற்றவர்களுக்கு அந்தக் காசு வேறு எங்காவது உதவும்.

ஆனால் புதுப் போன் தேவையா என்று முதலில் பார்க்கவேண்டும். கொடிகாமத்திலிருந்து ஓர் அம்மா 64 ஜிபி போன் நிரம்பிவிட்டதென்று 128 வாங்க வந்திருந்தார். திறந்து பார்த்தால் வட்ஸ்அப் மட்டும் 31 ஜிபி: காலை வணக்கப் படங்கள், நாலு குழுக்களில் நாலு தடவை வந்த அதே நல்லூர்த் தேர்க் காணொளி, லண்டனிலுள்ள பேரனின் நடை பழகல். பேரனை விட்டுவிட்டு மற்றவற்றை நீக்க அரை மணித்தியாலம் ஆனது. தானாகப் பதிவிறங்கும் தெரிவையும் நிறுத்திவிட்டேன். முதலாளி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அம்மா முந்நூறு ரூபாவுக்குக் கவர் ஒன்று வாங்கிக்கொண்டு பஸ் நிலையப் பக்கம் நடந்தார்.